நான் வைத்த வெள்ளைப் பொட்டு

அடையாறில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறை வைத்திருக்கும் நிவேதா மூன்று மாதமாக என்னைத் துளைத்து எடுத்துவிட்டாள். அவளும் அவள் நண்பர்களும் சேர்ந்து பழைய கார்ப் பிரியர்களுக்காக ஒரு குழு நடத்துகிறார்கள். அதற்கு ஆண்டு மலர் ஒன்று உண்டு. அதில் நான் எழுத வேண்டுமாம். மந்தைவெளியில் நாங்கள் வேகம் கூட்டிய பச்சை நிற ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றித்தான் எழுத வேண்டுமாம்.

“அங்கிள், லேப்டாப் கிடையாது, பவர் அளக்கற மெஷின் கிடையாது. வெறும் காதை வெச்சு எப்படி ட்யூன் பண்ணீங்க? அந்த வண்டியைப் பத்தி இன்னும் எங்க குரூப்ல பேசறாங்க. எழுதுங்க அங்கிள், ப்ளீஸ்.”

சரி என்று சொல்லிவிட்டேன். அவள் எதிர்பார்ப்பது ஒரு கிழட்டு மெக்கானிக்கின் வீரப்பிரதாபம். நான் எழுதப்போவது அது அல்ல. பிடிக்காவிட்டால் மலரில் போடாமல் விட்டுவிடட்டும், எனக்கு வருத்தமில்லை.

என் பெயர் தணிகாசலம். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் மோட்டார் மெக்கானிக் படிப்பு, ஒரு லாரி ஷெட்டில் ஒரு வருஷம் கிரீஸ் பூசல். என் கல்வி அவ்வளவுதான். அதற்குப் பிறகு மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் இருந்த பட்டறையில் சேர்ந்தேன். முதலாளியை நாங்கள் எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குப் பட்டறை வெறும் சோறு போடும் இடம் இல்லை. பழைய இங்கிலீஷ் கார் எதுவாக இருந்தாலும் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, அடையாறு மூன்றிலிருந்தும் அவரிடம்தான் வரும்.

நைனா எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை போட்டிருப்பார். அதில் ஒரு சொட்டு ஆயில் பட்டு நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். வண்டி உள்ளே வந்ததும் பானெட்டைத் திறக்காமல் அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து முழ நீள ரப்பர் குழாய் ஒன்றை எடுப்பார். இரட்டை கார்புரேட்டர் உள்ள வண்டிகளில் இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். குழாயின் ஒரு முனையைத் தன் காதில் வைத்து, மறு முனையை ஒரு கார்புரேட்டரின் வாயில் வைப்பார். ‘உஸ்’ என்று சத்தம் வரும். பிறகு அடுத்ததில் வைப்பார். இரண்டு ‘உஸ்’ஸும் ஒன்றாகும் வரை ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். கடைசியில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் முனை பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டும். கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. நிவேதா கேட்ட ரகசியம் இதுதான். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும். அது என்னிடம் அப்போது மருந்துக்கும் இருக்கவில்லை.

சேர்ந்த மூன்றாம் வருஷம் ஒரு வண்டியின் சிலிண்டர் ஹெட்டைக் கொஞ்சம் சீவச் சொல்லி லேத்துக்கு அனுப்பினார் நைனா. ஹெட்டைச் சீவினால் இன்ஜினுக்குள் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் சக்தி கூடும். அவர் சொன்ன அளவைவிட இன்னும் கொஞ்சம் சீவினால் இன்னும் பறக்குமே என்று நானாக ஒரு கணக்குப் போட்டு, லேத்துக்காரரிடம் அளவை மாற்றிச் சொல்லிவிட்டேன். வண்டியை மாட்டி ஓட்டினால், அடையாறு பாலத்து ஏற்றத்தில் இன்ஜின் தகர டப்பாவில் ஜல்லியைப் போட்டுக் குலுக்கியதுபோல் கடகடத்தது. நைனா பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

“யாரு சொல்லி கூட சீவின?”

“நானாத்தான் நைனா.”

“சரி. புதுப்பேட்டை பழைய சாமான் கடைங்களுக்குப் போய் வேற ஹெட் கெடைக்குமான்னு தேடு.”

அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் எனக்கும் சேர்த்துத்தான் டீ சொன்னார். உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் அடிக்க மாட்டார், விரட்டவும் மாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பின்னால் நான் செய்ததற்குப் பயத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஏழுமலை எனக்கு முன்பே அந்தப் பட்டறையில் இருந்தான். என்னைவிட இரண்டு வயது பெரியவன். அடையாற்றங்கரையில் குடிசை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன். அவன் மனைவி அஞ்சலையை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வாரத்தில் மூன்று நாள் அவன் டிபன் பாக்ஸில் வரும் வஞ்சிர மீன் குழம்பில் பாதி எனக்குத்தான்.

நைனாவின் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. பிரேக், ஸ்டியரிங் இரண்டிலும் ஒருவன் முடுக்கியதை அவனே சரிபார்க்கக் கூடாது. முதலில் முடுக்குபவன் நான். போல்ட்டை ஸ்பானரால் முடுக்கிவிட்டு அதன் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பேன். அடுத்து ஏழுமலை வருவான். இத்தனை இறுக்கம் என்று அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை வைத்துக் கடைசி முடுக்கு முடுக்குவான். போல்ட் கழன்று வராமல் பிடிக்கும் லாக் தகட்டின் ஓரத்தை மடித்துவிடுவான். பிறகு வெள்ளைப் பொட்டு வைப்பான். வெள்ளைப் பொட்டு இருந்தால்தான் நைனா வண்டியை வெளியே விடுவார்.

டார்க் ரெஞ்ச் ஏழுமலையைத் தவிர யார் கைக்கும் வராது. “அவன் கை அவசரப்படாது” என்பார் நைனா. ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டை பிரேம் போட்டு வீட்டில் மாட்டியிருந்த எனக்கு இது பொறுக்கவில்லை. நான் முடுக்கியதை அஞ்சாங்கிளாஸ்காரன் சரிபார்ப்பதா என்று உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்தேன். அவன் குழம்பைத் தின்றுகொண்டேதான் புகைந்தேன்.

பச்சை வண்டிக்கு வருகிறேன். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையை மடித்து வைக்கும் குட்டி கார். சொந்தக்காரர் ரங்கநாதன் சார், கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவர், மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் வீடு. கார் அவருடைய அப்பா வாங்கியது. பழைய கார்களுக்கான ஓட்டப் பந்தயம் ஒன்றில் ஓட்ட வேண்டும், வேகம் கூட்டித் தாருங்கள் என்று கேட்டு வந்தார்.

நான்கு மாதம் அந்த வண்டியோடு குடித்தனம் நடத்தினோம். ஹெட்டைச் சீவினோம், இந்த முறை நைனா சொன்ன அளவுக்கு. காற்று போகும் வழிகளைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினேன். இன்ஜினோடு சேர்ந்து சுழலும் பிளைவீல் சக்கரத்தின் எடையைக் குறைத்தோம். புகைக்குழாயை அகலமாக்கினோம். மூன்றாம் மாதம் அடையாறு பாலத்தில் ஓட்டிப் பார்த்தபோது சிரிப்பு தானாக வந்தது. அவ்வளவு துடிப்பு. நைனா மட்டும் சிரிக்கவில்லை.

“ஓட வெச்சிட்ட. நிக்குமா?”

முன் சக்கரங்களில் பழைய டிரம் பிரேக் இருந்தது. அதை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போட முடிவு செய்தார். புதுப்பேட்டையில் வேறு வண்டியின் டிஸ்க்கும், அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் கிடைத்தன. அவை இந்த வண்டியில் உட்கார நடுவில் ஒரு இரும்புத் தட்டு வேண்டும். அதை லேத்தில் செய்யக் கொடுத்தோம். வலது பக்கத் தட்டு சரியாக அமைந்தது. இடது பக்கத்தில் துளைகள் சரியாகச் சேரவில்லை. மறுபடி லேத்துக்குப் போனது.

அது திரும்பி வந்தது ஆயுத பூஜை அன்று மதியம் இரண்டு மணிக்கு.

அன்று மூன்று மணிக்குள் எல்லா ஆயுதங்களையும் கழுவித் துடைத்துச் சாமி படத்தின் முன் அடுக்க வேண்டும் என்பது நைனா போட்ட சட்டம். சந்தனம், குங்குமம் வைத்தாகிவிட்டால் மறுநாள் காலை வரை ஒரு ஸ்க்ரூ டிரைவரைக்கூடத் தொடக் கூடாது. நான் அவசர அவசரமாக இடது காலிப்பரை மாட்டத் தொடங்கினேன். ஏழுமலை என் பக்கத்திலேயே அதே சக்கரத்துக்குள் குனிந்து, சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் முட்டியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

“இன்னா ஏழுமலை, தூங்கலியா?”

“மழைல ஊட்டுக்குள்ள ஆத்துத் தண்ணி பூந்துச்சு தணிகா. ரெண்டு நாளா சாமானை தூக்கி வெச்சிகினு நின்னுகினே கீறோம். கண்ணு சொக்குது.”

ஸ்டியரிங் முட்டிக்கு வெள்ளைப் பொட்டு வைத்தான். அதற்குள் நைனா கூப்பிட்டார். மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் போய் பூசணிக்காய், பொரி, வாழைக்கன்று வாங்கிவரச் சொன்னார். ஏழுமலை எழுந்து போனான். காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் ஸ்பானரால் முடுக்கி நான் மஞ்சள் பொட்டு வைத்தபோது மணி மூன்று. நிமிர்ந்து பார்த்தால், டார்க் ரெஞ்ச் நெற்றியில் குங்குமத்தோடு சாமி படத்தின் முன் படுத்திருந்தது. என் ஸ்பானரையும் நைனா வந்து வாங்கிக்கொண்டு போனார்.

நாலு மணிக்கு ரங்கநாதன் சார் பட்டு வேட்டியோடு வந்து நின்றார். ஏழுமலை இன்னும் மார்க்கெட்டிலிருந்து திரும்பவில்லை.

“தணிகாசலம், நம்ம ஆத்துலயும் இன்னிக்குப் பூஜை. வண்டி வாசல்ல நின்னாத்தான் அம்மாவுக்குத் திருப்தி. இன்னிக்குத் தரேன்னு சொன்னேளே, ஓட்டிண்டு போகலாமோல்லியோ?”

சொன்னது நான்தான். நைனாவிடம் கேட்காமல், ஆயுத பூஜைக்கு வண்டி உங்கள் வாசலில் நிற்கும் என்று ஒரு மாதத்துக்கு முன்பே வீரம் பேசியிருந்தேன். நைனா தூரத்திலிருந்து கேட்டார்.

“வெள்ளை வெச்சாச்சா தணிகா?”

பெயிண்ட் ஆயுதம் இல்லை அல்லவா? அதை யாரும் பூஜைக்கு வைக்கவில்லை. ஏழுமலையின் வெள்ளை டப்பா ஜன்னலில் இருந்தது. நான் குச்சியைத் தொட்டு அந்த இரண்டு போல்ட்டிலும் வெள்ளைப் பொட்டு வைத்துவிட்டுச் சக்கரத்தை மாட்டினேன். சக்கர நட்டுகளை சாரின் வண்டியிலேயே இருந்த ஸ்பானரால் முடுக்கினேன்.

“ஆச்சு நைனா.”

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நைனா சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு டார்க் ரெஞ்சை எடுத்துக் கொடுத்திருப்பார். இல்லையென்றால் வண்டி நாளைக்குத்தான் என்று சாரிடம் சொல்லியிருப்பார். எனக்கு அந்த ஒரு நாள் தலைகுனிவு பெரிதாகத் தெரிந்தது. ஸ்பானரில் நான் முடுக்கிய முடுக்கு ஒரு நாள் தாங்காதா என்ற திமிரும் இருந்தது. சார் வண்டியைக் கிளப்பும்போது, “நாளைக்கு மத்தியானம் ஒரு நடை கொண்டு வாங்க சார்” என்றேன். எதற்கு என்று கேட்டார். “சும்மாதான் சார்” என்றேன். அந்த ‘சும்மா’வை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மத்தியானம் வரை அவர் காத்திருக்கவில்லை. விஜயதசமி, நல்ல நாள், புதிதாகப் பிறந்த வண்டி. காலையில் எழுந்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை விரட்டியிருக்கிறார். திரும்பி வரும்போது திருவான்மியூரில் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தார். ஒரு போல்ட் ஏற்கெனவே கழன்று விழுந்திருந்தது. காலிப்பர் திரும்பிச் சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. வண்டி இடது பக்கம் சுழன்று ஒரு சுவரில் போய் மோதியது. சாரின் இடது முழங்கால் நொறுங்கியது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவரால் கிளட்சை மிதிக்க முடியவே இல்லை.

வண்டியைக் கட்டி இழுத்துவந்து பட்டறையில் போட்டோம். நைனா முதன்முறையாகச் சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். மிச்சமிருந்த போல்ட்டின் லாக் தகடு மடிக்கப்படவில்லை. போல்ட் தலையில் வெள்ளைப் பொட்டு. அவர் எழுந்து ஏழுமலையைக் கூப்பிட்டார்.

“இது நீ வெச்ச பொட்டாடா?”

ஏழுமலை எட்டிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

“வெள்ளைன்னா என்னுதுதான் நைனா.”

“முடுக்காமலா வெச்ச?”

“ஞாபகம் இல்ல நைனா. அன்னிக்கு எனக்குக் கண்ணே தெரியல.”

நைனா என் பக்கம் திரும்பினார். “தணிகா, நீ பக்கத்துலதான இருந்த. இவன் இந்த வேலை பாத்தானா?”

இந்த இடத்தில்தான் நான் மனிதனாக இருந்திருக்க வேண்டும். நான் சொன்ன பதில் இது:

“அந்த சக்கரத்துகிட்டதான் குனிஞ்சிட்டிருந்தான், நைனா.”

பொய் இல்லை பாருங்கள். எவ்வளவு சாமர்த்தியம்! ஏழுமலை என்னைப் பார்த்தான். நான் காட்டிக்கொடுத்ததாக அவன் நினைக்கவில்லை. தனக்கு ஞாபகம் இல்லாததை எடுத்துக்கொடுத்ததாக நினைத்தான். “அப்ப நான்தான் நைனா. தணிகா பாத்துகீறான்ல” என்று மெதுவாகச் சொன்னான். நைனா அவனைத் திட்டவில்லை. “நாளைல இருந்து வராத ஏழுமலை” என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாளிலிருந்து டார்க் ரெஞ்ச் என் கைக்கு வந்தது.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் ஏறுமுகம். தலைமை மெக்கானிக் ஆனேன். நைனா காலமான பிறகு வடபழனியில் சொந்தமாகப் பட்டறை போட்டேன். நைனா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பக்கத்தில் நான்தான் இருந்தேன், அப்போதும் வாய் திறக்கவில்லை. ஏழுமலை வேறு எந்தப் பட்டறைக்கும் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். தி.நகர் ஜவுளிக்கடைக் குடோனில் மூட்டை தூக்கினான். பிறகு ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். அந்தத் தெரு நான் வீட்டுக்குப் போகும் வழியில்தான் இருந்தது. நான் வழியை மாற்றிக்கொண்டேன். ஆற்றங்கரைக் குடிசைகளை எடுத்தபோது அவன் குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அப்பாடா, இனி அவன் எதிரில் வர மாட்டான் என்று நிம்மதிப்பட்டேன். அந்த அளவுக்குக் கேவலமானவன் நான்.

நிவேதா எழுதச் சொன்னதும் இதையெல்லாம் விட்டுவிட்டு ரப்பர் குழாயையும் பிஸ்கட் நிறத்தையும் மட்டும் எழுதிக் கொடுத்துவிடலாமா என்றுதான் முதலில் பார்த்தேன். எழுதியும் முடித்தேன். படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். அச்சில் வரும் முன் ஏழுமலைக்குச் சொல்ல வேண்டும் என்று போன மாதம் பெரும்பாக்கம் போனேன். விசாரித்துக்கொண்டு நாலு மாடி ஏறினேன்.

தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் சந்தோஷம்தான் வந்தது. “தணிகா! வா வா. எப்டிகீற? மாடி ஏறி மூச்சு வாங்குது பாரு ஒனக்கு” என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். டீயும் வந்தது. குடித்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று அதைத் தொடாமலே சொல்லிவிட்டேன். வெள்ளை டப்பா, இரண்டு பொட்டு, நைனாவுக்கு நான் சொன்ன பதில், எல்லாம்.

அவன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப இடது பக்கம் நான் முடுக்கவே இல்லியா?”

“இல்ல. நீ மார்க்கெட்டுக்குப் போயிட்ட.”

“ரெஞ்சே கைல எடுக்கலியா?”

“எடுக்கல ஏழுமலை.”

“கண்ணை மூடினா அந்தச் சக்கரத்துகிட்டதான் உக்காந்துகினு கீறேன் தணிகா, இத்தினி வருஷமா. முடுக்கினேனா, முடுக்கலியா? யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், கைக்கு ஞாபகமே வரமாட்டேங்குது. என் கைய நானே நம்பாமத்தான் அந்த வேலை பக்கமே போவல.” கையைத் திருப்பிப் பார்த்தான். “செய்யாத வேலை கைக்கு எப்டி ஞாபகம் வரும், இல்ல?”

நான் அழுதேன். அவன் அழவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டான்.

“அஞ்சல, இங்க வா. தணிகா, இப்ப சொன்னத அவகிட்டயும் சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டா.”

இரண்டாவது தடவை சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அண்ணி ஈரக் கையோடு கதவருகில் நின்று முழுவதையும் கேட்டாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“ஒரு போல்ட்டு முடுக்கத் துப்பில்லாத ஆம்பளன்னு இவரை நான் எத்தினி வாட்டி ஏசிகீறேன் தெரியுமா ஒனக்கு? புள்ளைங்க எதிர்லயே ஏசிகீறேன். சோறு போட்டுகினே ஏசிகீறேன். ஒரு நாள் கூட எதுத்துப் பேசல இந்த மனுசன்.”

“என்னை ஏசுங்க அண்ணி. அதெல்லாம் எனக்கு வரவேண்டியது.”

“ஒன்னை ஏசி இன்னா ஆவப்போவுது? அம்புட்டையும் அவரு வாங்கித் தீத்துட்டாரு.”

அதற்கு மேல் அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். ஏழுமலை வாசல் வரை வந்தான். இதைப் புத்தகத்தில் எழுதப்போகிறேன், உன் பெயரைப் போடட்டுமா, வேண்டாமா என்று கேட்டேன்.

“போடு. முழுசா போடு.”

முழுப்பெயர் கா. ஏழுமலை. மந்தைவெளிப் பட்டறையில் பதினோரு வருஷம் வேலை செய்தார். அவர் முடுக்கிய போல்ட் ஒன்றுகூட எந்த வண்டியிலும் கழன்றதில்லை.